விடிய விடியப் படிக்க வைக்கும் நாவல் சொல்லுங்களேன்

நண்பர்களே, ஒரு உதவி. சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) வரிசையில் முதல் மூன்று நாவல்களையும் முடித்துவிட்டேன். உயிரைப் பணயம் வைக்கும் போட்டிக்குத் தங்கைக்குப் பதிலாக நாயகி காட்னிஸ் தானே முன்வரும் இடத்தில் தொடங்கிய படபடப்பு கடைசி வரை அடங்கவே இல்லை. அதே வேகத்தில் ஓடும் கதை இன்னொன்று வேண்டும்.

அப்புறம், எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலையும் படித்தேன். 1967இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 18தான்! அதனாலோ என்னவோ, அதில் வரும் பையன்களின் கோபமும் பயமும் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டன. இப்படிப் பதின்வயதினரே எழுதிய நாவல்கள் வேறு தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

காதல் கதை இப்போதைக்கு வேண்டாம். தொடர் என்றால் எல்லாப் பாகங்களும் வெளிவந்திருக்க வேண்டும். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள், எந்த இடத்தில் உங்களுக்குத் தூக்கம் போனது என்று சொன்னால் போதும்.