உதவி தேவை: கார்டு ரீடரில் விளக்கு எரிகிறது, படங்கள் திறக்கவில்லை

கெடிலக்கரை
அனைவருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் எடுத்த திருமணப் படங்கள் முழுவதும் ஒரு மெமரி கார்டில் இருக்கின்றன. பெண் வீட்டார் இன்று மாலைக்குள் சில படங்களைக் கேட்கிறார்கள். யுஎஸ்பி கார்டு ரீடரை லினக்ஸ் கணினியில் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் படங்கள் திறக்கவில்லை. என்ன செய்வது?

வில்லியனூர் வாசகன்
எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, கார்டின் கொள்ளளவு எவ்வளவு, திரையில் வந்த பிழைச்செய்தி என்ன என்பவற்றைத் தெரிவித்தால்தான் உதவ முடியும்.

மஞ்சக்குப்பம் மணி
கணினியின் முன்பக்க யுஎஸ்பி துளைக்குப் போதிய மின்சாரம் வராததே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். ரீடரைப் பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள்.

முத்தியால்பேட்டை மூத்தவர்
கேள்வி கேட்பதற்கு முன் கணினியின் உட்செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி, இணைந்துள்ள வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே ஆகிய இரு கட்டளைகளின் விடையையும் இணைக்க வேண்டும் என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். அடிப்படையைக் கூடப் படிக்காமல் அவசரம் என்று வந்து நிற்பவருக்கு யாரும் ஜோசியம் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

கெடிலக்கரை
மன்னிக்கவும் ஐயா. உபுண்டு 18.04, கார்டு 64 ஜிபி. பின்பக்கத்திலும் அதே நிலைதான். எல்எஸ்பிஎல்கே கொடுத்தால் எஸ்டிபி என்னும் வட்டுப் பெயருக்கு நேராக 0 என்றும், எஸ்டிசி என்பதற்கு நேராக 59.5ஜி என்றும், அதன் கீழே எஸ்டிசி1 என்றும் வருகிறது. அதைத் திறக்க முயன்றால், ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம் டைப் எக்ஸ்ஃபேட்’, அதாவது எக்ஸ்ஃபேட் என்னும் கோப்பு முறை தெரியவில்லை என்கிறது. பழைய 16 ஜிபி கார்டு இதே ரீடரில் திறக்கிறது.

வில்லியனூர் வாசகன்
இப்போது விளங்குகிறது. ரீடரில் எந்தப் பழுதும் இல்லை. எஸ்டிபி என்பது அதே ரீடரின் காலியான மற்றொரு துளையாக இருக்கும். 64 ஜிபி கார்டைக் கணினி ஏறத்தாழ 59.5ஜி என்றே காட்டும்; அளவு சரியாகத் தெரிவதால் கார்டையும் கணினி படித்துவிட்டது. 32 ஜிபி வரையிலான எஸ்டிஹெச்சி கார்டுகள் ஃபேட்32 என்னும் கோப்பு முறையிலும், அதற்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையிலும் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை 2019 ஆகஸ்டில்தான் வெளியிட்டது. அதன் பிறகே, 5.4 பதிப்பிலிருந்து, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் அதைப் படிப்பதற்கான டிரைவர் நிரல் இடம்பெற்றது. உங்கள் 18.04-இல் பழைய 4.15 கெர்னல் இருக்கக்கூடும் என்பதால், எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ், எக்ஸ்ஃபேட்-யூட்டில்ஸ் என்னும் இரு மென்பொருள் தொகுப்புகளையும் ஆப்ட் என்னும் நிறுவல் கட்டளை மூலம் நிறுவிவிட்டு, கார்டை எடுத்து மீண்டும் செருகுங்கள்.

மஞ்சக்குப்பம் மணி
இவ்வளவு சுற்றுவழி எதற்கு? கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாக் கணினியிலும் திறக்குமே.

வில்லியனூர் வாசகன்
மணி அண்ணா, படங்கள் அந்தக் கார்டில்தான் இருக்கின்றன! பிரதி எடுக்கும் முன், எல்லாவற்றையும் அழித்துவிடும் ஃபார்மட் என்ற பேச்சே கூடாது. கெடிலக்கரை, அருள்கூர்ந்து அதைச் செய்துவிடாதீர்கள்.

மஞ்சக்குப்பம் மணி
பிரதி எடுத்த பிறகு என்ற பொருளில்தான் சொன்னேன். அடுத்த திருமணத்திற்காவது அது பயன்படும்.

முத்தியால்பேட்டை மூத்தவர்
அப்போதும் பொருந்தாது. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. திருமண வீடியோ எடுப்பவருக்கு அது பெரிய இடைஞ்சல். மேலும், 64 ஜிபி கார்டைக் கேமராவில் ஃபார்மட் செய்தால் அது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டாகவே மாறிவிடும். கேமராவுக்கு ஏற்றபடி கணினியைத் தயார் செய்வதுதான் முறை. வில்லியனூர் வாசகன் சொன்னதைச் செய்யுங்கள், தம்பி. கார்டின் பக்கவாட்டில் உள்ள பூட்டுப் பொத்தானைக் கீழே தள்ளிவிட்டுச் செருகினால், தவறுதலாகவும் எதுவும் அழியாது.

கெடிலக்கரை
திறந்துவிட்டது. பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். மிக்க நன்றி.

மஞ்சக்குப்பம் மணி
மகிழ்ச்சி. ஆனாலும் 4 ஜிபி ஆனதும் வீடியோவைத் தானே துண்டாக்கிச் சேமிக்கும் கேமராக்கள் உண்டு என்பதையும் மூத்தவர் கருத வேண்டும்.

முத்தியால்பேட்டை மூத்தவர்
உண்டு. அப்படிப் பல துண்டுகளாக வருவதைச் சேர்த்து ஒட்டும் வேலை யாருடையது என்பதையும் நீங்கள் கருத வேண்டும்.