ஃபைனல் ஃபேண்டஸி 8: சண்டையைத் தவிர்ப்பவனே பலசாலி என்றால் இது என்ன ஆட்டம்?

நான்காம் டிஸ்க்:

பல ஆண்டுகளாக மனத்தில் கிடந்த எரிச்சலை இன்று இறக்கி வைக்கிறேன். ஃபைனல் ஃபேண்டஸி 8-இன் ரீமாஸ்டர் பதிப்பை (2019-இல் வந்தது) வாங்கி, தொடக்கம் முதல் கடைசிக் கோட்டை வரை மறுபடியும் ஆடி முடித்தேன். சிறுவயதில் புரியாததால் பிடிக்கவில்லை. இப்போது நன்றாகப் புரிந்தே பிடிக்கவில்லை.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999-இல் ஸ்குவேர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்கு நான்கு டிஸ்கில் வெளியிட்ட ஆட்டம். ஏழாம் பாகம் 1997-இல் ஊரையே அதிரவைத்த பிறகு அடுத்து வந்தது. இதில் வாங்கி மாட்டிக்கொள்ளக் கவசம் கிடையாது. மந்திரத்துக்குச் செலவாகும் எம்.பி. கிடையாது. மந்திரங்கள் பத்தாயத்து நெல்லைப் போலக் கையிருப்பில் இருக்கும். ஒருவர் ஒரு மந்திரத்தை 100 வரை சேர்த்துவைக்கலாம். எதிரியிடமிருந்து அதை உறிஞ்சி எடுப்பது 'டிரா'. எடுத்ததை நம் ஆளின் வலிமையோடும் உயிரளவோடும் இணைத்துக்கொள்வது 'ஜங்ஷன்'.

இனி என் வழக்கு. ஒரு முறை டிரா செய்தால் அதிகம் போனால் ஒன்பது கிடைக்கும். மூன்று பேருக்கும் நூறு நூறாக நிரப்ப வேண்டுமென்றால், ஒரு வவ்வாலை உயிரோடு நிற்கவைத்துக் கால்மணி நேரம் பால் கறப்பதுபோல் கறக்க வேண்டும். அப்படிச் சேர்த்த மந்திரத்தை ஏவலாமா என்றால், ஏவினால் கையிருப்பு குறையும், கூடவே வலிமையும் குறையும். ஆகவே மந்திரத்தை யாரும் ஏவுவதில்லை. இது போதாதென்று நம் லெவல் ஏறினால் எதிரியின் லெவலும் கூடவே ஏறுகிறது. சண்டையைத் தவிர்த்து ஓடினவன் சுகமாக இருக்கிறான். ஒவ்வொரு சண்டையையும் நின்று போட்டவன் கடைசியில் திணறுகிறான். உழைத்தவனுக்குக் கூலி தராத ஆட்டத்தை எப்படி நல்ல ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) என்பது?

கணக்குப்பிள்ளை:

நண்பரே, நீங்கள் டிராவை நம்பியதுதான் பிழை. டிரா என்பது வழியில் கிடக்கும் சில்லறை. மூலதனம் இப்படித் திரளாது.

டோலெட் கோபுரத்தில் எல்வோரெட் என்ற எதிரியிடமிருந்து சைரன் என்ற கார்டியன் ஃபோர்ஸை (நமக்குத் துணைநிற்கும் மந்திர உயிர்) எடுத்தீர்கள் அல்லவா? அவளுக்கு உயிர்மந்திரம் தயாரிக்கும் திறனைக் கற்றுக்கொடுங்கள். கடையில் ஒரு கூடாரம் 1,000 கில் (ஆட்டத்துப் பணம்). ஒரு கூடாரத்தில் பத்து கியூராகா (உயிரேற்றும் மந்திரம்) வரும். பத்துக் கூடாரம், நூறு கியூராகா. அதை உயிரளவோடு ஜங்ஷன் செய்து பாருங்கள், முதல் டிஸ்க் முடிவதற்குள் இரண்டாயிரத்துக்கு மேல் கூடும். ஒரு வவ்வாலையும் கறக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. ஆட்டத்துக்குள் வரும் சீட்டாட்டத்தில், நம் அணியின் குவிஸ்டிஸின் சீட்டை வென்று அதைப் பொருளாக மாற்றினால் மூன்று சமந்தா சோல். டயாப்லோஸ் என்ற இன்னொரு கார்டியன் ஃபோர்ஸ் கையில் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் 60 டிரிபிள் மந்திரம். மொத்தம் 180. இறுதிக் கட்டத்துக்குரிய மந்திரம் முதல் டிஸ்கிலேயே உங்கள் பையில்.

எதிரிகளைச் சீட்டாக மாற்றும் கட்டளையும் இருக்கிறது. அப்படி மாற்றினால் அனுபவப் புள்ளி வராது, கார்டியன் ஃபோர்ஸ் கற்பதற்கான ஏ.பி. மட்டும் வரும். பாஸ் எதிரிகள் அனுபவப் புள்ளி தருவதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். இவ்வளவும் தற்செயலாக அமையாது. இந்தச் சண்டை முறையை வடிவமைத்தவர் ஹிரோயுகி இட்டோ. 1991-இல் நான்காம் பாகத்தில், எதிரி நமக்காகக் காத்திருக்காத சண்டை முறையைக் கொண்டுவந்ததும் அவர்தான். லெவல் என்பது வலிமையின் ஒரே அளவுகோலாக இருக்க வேண்டியதில்லை என்று அவர் துணிந்து சொல்லிப் பார்த்திருக்கிறார். நீங்கள் பழைய தராசில் இதை நிறுக்கிறீர்கள்.

நான்காம் டிஸ்க்:

கணக்குப்பிள்ளை என்னை மறுக்க வந்து எனக்கே சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார். பத்துக் கூடாரம் வாங்கினால் முதல் டிஸ்கிலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது என்கிறீர்கள். அதன்பின் மூன்று டிஸ்குக்கு நான் எதற்குச் சண்டை போட வேண்டும்? விஷயம் தெரியாதவனுக்குக் கறவைக் கொட்டில், தெரிந்தவனுக்குப் பூங்கா. நடுவில் ஆட்டம் எங்கே?

லிமிட் பிரேக் என்ற சிறப்புத் தாக்குதலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிர் குறைந்த நிலையில் ஆளை மாற்றும் பட்டனை நாலைந்து முறை அழுத்தினால் நாயகன் ஸ்குவாலின் பெரிய அடி வந்து நிற்கும். ஆபத்தான நேரத்தில் கைகொடுக்க வேண்டியது, விரும்பி ஆபத்தில் இருப்பவனின் அன்றாட ஆயுதமாகிவிட்டது. ரீமாஸ்டரில் மும்மடங்கு வேகத்துக்கும், வழிச்சண்டை வராமல் இருப்பதற்கும் பட்டன் வைத்திருக்கிறார்கள். வெளியிட்டவர்களுக்கே சலித்திருக்கிறது என்றுதானே பொருள்?

சீட்டுக்காரி:

நீங்கள் இருவரும் ஏதோ வேறு ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் வாங்கியது டிரிபிள் டிரையட் என்ற சீட்டாட்டம். உலகைக் காப்பாற்றும் கதை ஒன்றும் இலவசமாகக் கூடவே வந்தது.

வடக்கு வீதி:

சீட்டுக்காரி அக்காவுக்கு என் வணக்கம். ஆனால் கதையைத் தொடாமல் இந்த வழக்கு தீராது.

நான் இதை ஆடியபோது எனக்குப் பதின்மூன்று வயது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஆடினேன். ஸ்குவால் வாய்விட்டுப் பேசுவது குறைவு, மனத்துக்குள் பேசுவது அதிகம். அந்த உள்பேச்சைப் படிக்கத்தான் அகராதி தேவைப்பட்டது. கல்பேடியா கார்டன் என்ற படைப்பள்ளியில் ஓர் இடம் நினைவிருக்கிறதா? ஸ்குவாலோடு எப்போதும் மோதும் ஸைஃபர் இறந்துவிட்டான் என்ற செய்தி வருகிறது. எல்லோரும் அவனைப் பற்றி 'அவன் அப்படி இருந்தான், இப்படி இருந்தான்' என்று பேசுகிறார்கள். தன்னையும் ஒருநாள் இப்படி இறந்தகாலத்தில் வைத்துப் பேசுவார்களோ என்று ஸ்குவால் சீறிவிட்டு வெளியே ஓடுகிறான். எதற்கும் கவலைப்படாதவன்போல் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்த பையன் அடியோடு அச்சத்தால் ஆனவன் என்று அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடும்.

நான்காம் டிஸ்க் குறைசொல்லும் ஜங்ஷனையும் கதையிலிருந்து பிரிக்க முடியாது. கார்டியன் ஃபோர்ஸ் மூளைக்குள் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வலிமை வருகிறது, நினைவு போகிறது. நூறு மந்திரத்தைச் சுமந்து நீங்கள் பலசாலியாகும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் ஆட்கள் எதையோ மறந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டனை அழுத்தியவர் நீங்கள்தான். ஒரு மெனுத் திரையே குற்றத்தில் பங்காளியாகும் ஆட்டம் அக்காலத்தில் எத்தனை இருந்தன?

நான்காம் டிஸ்க்:

நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள், நன்றி. டிராபியா கார்டனின் கூடைப்பந்துத் திடல். ஏவுகணைத் தாக்குதலில் இடிந்து கிடக்கும் பள்ளி, நடுவில் ஒரு பந்து. அங்கே உட்கார்ந்து, 'அட, நாம் எல்லோரும் ஒரே அனாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள்!' என்று கண்டுபிடிக்கிறார்கள். ஆறு நாயகர்களில் ஐந்து பேர். எதிரணி ஸைஃபரும் அங்கேதான். எந்தச் சூனியக்காரியைக் கொல்லப் போனார்களோ, அந்த எடியாதான் வளர்த்த தாய். எவருக்கும் நினைவில்லை. கார்டியன் ஃபோர்ஸ் மறக்கடித்துவிட்டதாம். எழுதியவருக்கு மூன்று டிஸ்குக்குக் கதை போதாமல் போனபோது கண்டுபிடித்த ஒட்டுத்துணி இது. திருவிழாவில் தொலைந்த அண்ணன் தம்பிகள் மச்சத்தைப் பார்த்துச் சேர்வார்களே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அல்டிமீசியாவையும் சொல்லிவிடுகிறேன். உண்மையான வில்லியின் கதை நமக்கு விரிவாகத் தெரியவருவதே மூன்றாம் டிஸ்கில். மொத்தம் நான்கு டிஸ்க்.

வடக்கு வீதி:

அல்டிமீசியா விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். அவள் பாத்திரமே இல்லை, கோட்டைக்குக் காவலாள்.

அனாதை இல்லத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன். முதல் டிஸ்க் முடிவை நினைத்துப் பாருங்கள். டெலிங் நகரத்தின் ஊர்வலம். குறி தவறாதவன் என்று, எடியாவைச் சுட அழைத்துவரப்பட்ட இர்வைன் துப்பாக்கியைப் பிடித்தபடி நடுங்குகிறான். சுட முடியவில்லை. அப்போது எல்லோரும் 'வாய்ச்சவடால்காரன், கோழை' என்று சிரித்தோம். நானும் சிரித்தேன். ஒரு டிஸ்க் கழித்துத்தான் தெரிகிறது: இர்வைன் மட்டும் கார்டியன் ஃபோர்ஸைப் பயன்படுத்தாதவன். அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. தன்னை வளர்த்தவளின் நெற்றிக்குக் குறிவைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவனிடம் அதைச் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறான். ஒட்டுத்துணியை யாராவது முன்கூட்டியே தைத்துவைப்பார்களா?

கணக்குப்பிள்ளை:

நம் அணியிலுள்ள செல்ஃபியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே திடலில், பன்னிரண்டு வயதில் ஒரு மிருகத்துக்குள் கார்டியன் ஃபோர்ஸைக் கண்டெடுத்து ஜங்ஷன் செய்துகொண்டதாகச் சொல்கிறாள். அதன் பெயர் என்ன என்று கேட்டால் அவளுக்கு நினைவில்லை! மறதிக்குக் காரணம் சொல்லும் உரையாடலிலேயே மறதியும் நடந்துகொண்டிருக்கிறது.

நான்காம் டிஸ்க்:

இர்வைன் விஷயம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காட்சியை நான் இத்தனை நாள் அரைகுறையாகப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதைக் காட்டி ஜங்ஷனை நல்லதாக்க முடியாது. நல்ல கருத்து சலிப்பான வேலையை இனிமையாக்குவதில்லை. கணக்குப்பிள்ளைக்கு ஒரு கேள்வி. லெவல் ஏற்றாதீர்கள் என்கிறீர்கள். இந்த ஆட்டத்தில் மிருகங்கள் பணம் தருவதில்லை. ஸீட் கூலிப்படையில் நம் தரத்துக்கேற்ப, நடக்க நடக்கச் சம்பளம் வரும். தரம் உயர எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். ஸ்குவாலின் லெவல் எத்தனையோ அத்தனை தேர்வுதான் எழுத விடுவார்கள். லெவல் ஏழில் உட்கார்ந்திருப்பவன் ஏழு தேர்வோடு நிற்பான். அப்படியானால் இட்டோ உண்மையில் எதைத்தான் விரும்பினார்? ஒரு கை ஏறு என்கிறது, மறுகை இறங்கு என்கிறது.

கணக்குப்பிள்ளை:

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தேர்வு விஷயம் ஓட்டைதான். நடைமுறையில் எனக்குப் பணத்தட்டுப்பாடு வந்ததில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆனால் எதிரி கூடவே ஏறுவதைக் குற்றமாக்குவது எனக்கு உடன்பாடில்லை. எதிரியின் லெவல் ஏறினால் அவனிடம் உறிஞ்சக் கிடைக்கும் மந்திரமும் உயர்ந்ததாகிறது, விட்டுச்செல்லும் பொருளும் மாறுகிறது. 2006-இல் வந்த ஆப்லிவியன் என்ற ஆட்டத்திலும் உலகம் நம்மோடு சேர்ந்து ஏறும், அங்கும் இதே புகார் எழுந்தது. வேறுபாடு என்னவென்றால், இங்கே லெவலுக்கு வெளியே வலிமை பெற அகலமான கதவு ஒன்று திறந்திருக்கிறது. நீங்கள் அந்தக் கதவைப் பார்க்காமல் சுவரில் முட்டிக்கொண்டீர்கள்.

சீட்டுக்காரி:

அந்தக் கதவுக்குச் சாவி சீட்டுதான் என்பதை இருவரும் மறந்துவிட்டீர்கள். குவிஸ்டிஸ் சீட்டைப் பற்றி ஏதோ கடையில் கிடைப்பதுபோல் எழுதியிருக்கிறார் கணக்குப்பிள்ளை. அதை ஆடித்தான் வெல்ல வேண்டும். பாலம்ப் ஊரில் சீட்டு விதி எளிது: இருவர் சீட்டும் திறந்திருக்கும், எண்ணைப் பார்த்து வைத்தால் போதும். உங்கள் வழக்கு முழுவதும் சிக்கலான சண்டையைப் பற்றியது. இந்த ஆட்டத்தில் சரியாக நிறுத்து அளந்து செய்த ஒரே பகுதி சீட்டுப் பலகையின் ஒன்பது கட்டங்கள்தான். கதையில் உலகம் அழிந்துகொண்டிருக்கும்போதும் வழியில் நிற்பவன் ஒரு கை ஆடலாமா என்றால் மறுக்க மாட்டான். எனக்கு மிகவும் பிடித்த நாகரிகம் அது.

நான்காம் டிஸ்க், உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாகத் தொடங்குங்கள். கார்டியன் ஃபோர்ஸை எடுப்பதற்குத் தவிர டிரா கட்டளையைத் தொடாதீர்கள். சீட்டும் தயாரிப்பும் மட்டும். முதல் டிஸ்க் வரை போதும். அதன்பின் வந்து திட்டுங்கள், நான் கேட்கிறேன்.

நான்காம் டிஸ்க்:

சரி. இரண்டு வாரம் கொடுங்கள்.

வடக்கு வீதி:

இடையில் ஒன்று: முதல் டிஸ்க் முடிவில் எடியாவின் பனி ஈட்டி பாய்ந்ததும் ஸ்குவால் இறந்துவிட்டான், மிச்சமெல்லாம் சாகும் நேரத்துக் கனவு என்று ஒரு கொள்கை உலவுகிறதே, அதை யாரும் இங்கே எடுக்காததற்கு நன்றி. இயக்குநர் யோஷினோரி கிடாசே அப்படியில்லை என்று மறுத்தும் அது சாகவில்லை. ஸ்குவாலைவிட அதற்கு உயிர் கெட்டி.

நான்காம் டிஸ்க்:

திரும்பி வந்தேன்.

முதல் டிஸ்க் முடிந்தது. ஸ்குவாலின் லெவல் 9. வவ்வால்களுக்கு விடுதலை. ஸைஃபரை வீழ்த்தியது நினைவில்கூட இல்லை, எடியா நான்காவது அடியில் விழுந்துவிட்டாள். பனி ஈட்டி பாய்ந்தபோது, 'இவ்வளவு அடித்துமா?' என்று சிரிப்புதான் வந்தது.

என் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. சென்ற முறை ஆடியதைவிட இது எவ்வளவோ சுகம். ஆனால் எடியா அப்படி விழுந்திருக்கக் கூடாது. கதை அவளைக் கண்டு அஞ்சச் சொல்கிறது, என் மெனு அவளைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறது. வடக்கு வீதி சொன்ன பொருத்தம் இங்கேதான் உடைகிறது. இர்வைன் நடுங்கியபோது மட்டும் இந்த முறை நான் சிரிக்கவில்லை.

சீட்டு விஷயத்தில் தோற்றுவிட்டேன். இரவு பதினொரு மணிக்குப் படுக்கப் போனவன் ஒரு கை ஆடலாம் என்று உட்கார்ந்து இரண்டரைக்கு எழுந்தேன். அதில் ஓர் உதவி வேண்டும். டோலெட் மதுக்கடையில் கொஞ்சம் ஆடிவிட்டு பாலம்புக்கு வந்தேன். இங்கே ஒருவன் 'இரண்டு ஊர் விதியையும் கலந்து ஆடலாமா?' என்றான். மரியாதைக்குச் சரி என்றேன். இப்போது பாலம்ப் முழுவதும் ராண்டம் விதி பரவிவிட்டது. நான் தேர்ந்து வைத்திருக்கும் ஐந்து சீட்டை விட்டு, கையில் குப்பையாக வருகிறது. இதை எப்படி ஒழிப்பது?

சீட்டுக்காரி:

ஐயோ! அவன் கேட்டதற்குச் சம்மதிப்பதற்கு முன் சேமித்து வைத்திருக்கிறீர்கள்தானே?

நான்காம் டிஸ்க்:

சேமித்தேன். சம்மதித்த பிறகு.