டைசன் 20 வயதில், கிளே 22 வயதில்: ஆரம்ப காலக் கணக்கை எப்படி ஒப்பிடுவது?

கோட்டைமேடு:
ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர்கள் மைக் டைசன், கேஷியஸ் கிளே இருவரின் முதல் உலகப் பட்டம் வரைக்குமான கணக்கை மட்டும் பேசுவோம், அதற்கப்புறம் நடந்தது வேண்டாம். டைசன் 1985 மார்ச்சில் தொழில்முறைக்கு வந்தார். 1986 நவம்பர் 22 அன்று ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாவது சுற்றில் சாய்த்து டபிள்யூபிசி (உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்று) பட்டம். 20 மாதத்தில் 28 சண்டை, 26 நாக்அவுட், தோல்வியே கிடையாது. கேஷியஸ் கிளேவுக்கு (முகமது அலி என்ற பெயர் வருவதற்கு முன்) 1960 அக்டோபர் முதல் 1964 பிப்ரவரி 25 அன்று சாம்பியன் சோனி லிஸ்டனை வென்று பட்டம் வாங்கும் வரை 40 மாதம், 20 சண்டை. நடுவில் சோனி பேங்க்ஸும் ஹென்றி கூப்பரும் அவரைக் கீழே வேறு தள்ளினார்கள். இப்படி எண்களைப் பார்த்தால் டைசன்தான் எங்கேயோ நிற்கிறார். ஆனால் கிளேவின் தொடக்கம்தான் கனமானது என்று ஏன் பலர் சொல்கிறார்கள்? முறையாக ஒப்பிட வழி இருக்கிறதா? வேறு காலத்து, வேறு எடை வீரர்களான ஜோ லூயிஸ், இனோவே, உசிக் எல்லாம் இதில் எங்கே வருவார்கள்?

மூன்றாம்சுற்று:
எதிராளியின் பெயரைப் பார்க்காதீங்க, அன்றைக்கு அவர் இருந்த நிலையைப் பாருங்க. ஒவ்வொரு சண்டைக்கும் நான்கு விஷயம் எடுத்தால் போதும்: அந்தத் தேதி வரைக்குமான அவருடைய வெற்றி தோல்வி, கடைசி ஐந்தாறு சண்டையின் முடிவு, கடைசியாக எப்போது ரிங்கில் ஏறினார், எந்த எடையில் வந்தார். ஓய்வு பெற்றபோது இருந்த மொத்தக் கணக்கை எடுத்து வைத்துப் பேசுவதில்தான் பாதிச் சண்டை வருகிறது.

ஆர்ச்சி மூரை எடுத்துக்கோங்க. ஃப்ளாய்ட் பேட்டர்சன், கிளே இரண்டு பேர் கணக்கிலும் அவர் பெயர் இருக்கிறது. 1956 நவம்பரில் காலியாக இருந்த ஹெவிவெயிட் பட்டத்துக்காக 21 வயது பேட்டர்சன் அவரை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தியபோது, மூர் நடப்பு லைட் ஹெவிவெயிட் சாம்பியன். அதற்கு முந்தைய ஆண்டுதான் அன்றைய ஹெவிவெயிட் சாம்பியன் மார்சியானோவையே ஒருமுறை தரையில் உட்கார வைத்தவர். 1962 நவம்பரில் கிளே நான்காவது சுற்றில் முடித்தபோது மூரிடம் பட்டம் இல்லை, வயதும் நாற்பதைத் தாண்டி வெகு தூரம் போயிருந்தது. பெயர் ஒன்று, மதிப்பு வேறு.

லிஸ்டனுக்கும் இதே அளவுகோல்தான். கிளேவுடன் மோதுவதற்கு முந்தைய மூன்று சண்டையும் (வெஸ்ட்ஃபால், பிறகு பேட்டர்சன் இரண்டு முறை) முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டன. பார்க்கப் பயங்கரம், ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேல் அவர் நீண்ட சண்டையே போடவில்லை. கிளேவுக்கு எதிராக ஏழாவது சுற்றுக்கு எழுந்து வராததில் தோள் வலிக்கு எவ்வளவு பங்கோ, இந்தத் துருவுக்கும் அவ்வளவு பங்கு. இதெல்லாம் கழித்த பிறகும், 1964இல் லிஸ்டன்தான் அந்தப் பிரிவிலேயே ஆபத்தான ஆள். பெர்பிக் 1986இல் அப்படி இல்லை.

ஈரக்கயிறு:
டைசன் பக்கமும் கொஞ்சம் பேசணும். 1985இல் மட்டும் 15 சண்டை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மோதினால் எதிராளிகள் கீழ்மட்டமாகத்தான் இருப்பார்கள், அது திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு. ஒரு சுற்றுச் சண்டைகளில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அதனால்தான் 1986 மே மாதம் முக்கியம். ஜேம்ஸ் டில்லிஸும் மிட்ச் கிரீனும் மூன்றே வாரத்துக்குள் பத்துப் பத்துச் சுற்று அவரை இழுத்தார்கள். டில்லிஸ் நகர்ந்துகொண்டே குத்தினார், நெருங்கியதும் கட்டிப்பிடித்தார். டைசனின் வேகம் நடுச் சுற்றுகளில் இறங்கியது. பிற்காலத்தில் அவரை வென்றவர்களுக்கான பாடம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

இன்னொன்று, "பட்டம்" என்றால் எந்தப் பட்டம்? 1964இல் லிஸ்டனிடம் இருந்தது முழுப் பட்டம். 1986இல் அது டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப் என்று மூன்றாகப் பிரிந்து கிடந்தது. ஆகவே கிளேவோடு ஒப்பிட வேண்டிய நாள் டைசன் டோனி டக்கரை வென்று மூன்றையும் சேர்த்த 1987 ஆகஸ்ட் 1. அப்போது 29 மாதம், 31வது சண்டை, வயது 21. அப்படிப் பார்த்தாலும் கிளேவைவிட ஒரு வயது இளையவர்தான். இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

தெற்குவாசல்:
இனோவே 6வது சண்டையில் பட்டம், 8வது சண்டையில் (2014 டிசம்பர்) நார்வாயேஸை இரண்டு சுற்றில் முடித்து இரண்டாவது எடையிலும் பட்டம். லோமசென்கோவுக்கு 3வது சண்டையிலேயே. இவற்றை டைசனின் 28உடன் நேராக வைக்கக் கூடாது. லோமசென்கோ இரண்டு ஒலிம்பிக் தங்கத்தோடு வந்தவர், அமெச்சூரில் ஒரே ஒரு தோல்வி. அவருடைய பயிற்சிக் காலம் வேறு ஏட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். அப்படியும் 2வது சண்டையில் சலீடோவிடம் தோற்றார். சலீடோ எடை தாண்டி வந்து உடம்பில் இடித்துக்கொண்டே இருந்தார், தலைக்கவசம் போட்டுப் புள்ளி சேர்த்த அன்றைய அமெச்சூர் ஆட்டத்தில் அது பழகக் கிடைக்காது.

சுத்தமாக ஒப்பிட ஒரு ஜோடி வேண்டுமென்றால் ஹோலிஃபீல்ட், உசிக். இருவரும் ஒலிம்பிக் பதக்கக்காரர்கள், ஒரே குரூசர் பிரிவு (ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே). அந்தப் பிரிவின் எல்லாப் பட்டங்களையும் சேர்க்க ஹோலிஃபீல்டுக்கு 18 சண்டை, உசிக்குக்கு 15. ஆனால் ஹோலிஃபீல்ட் 1986இல் ட்வைட் முகமது கவி என்ற சாம்பியனோடு போட்டது 15 சுற்று, அதுவும் தன் 12வது சண்டையில். உசிக் காலத்தில் 12தான். அந்த மூன்று சுற்று சும்மா இல்லை.

பழையமணி:
இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவர்களிடம் "தோல்வி இல்லை" என்பதைத் தேடவே கூடாது. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் முதல் சண்டையிலேயே நாக்அவுட் ஆனவர், 1938இல் மூன்று எடைகளின் பட்டத்தை ஒரே நேரத்தில் வைத்திருந்தார். ரே ராபின்சன் 1946இல் பட்டம் வாங்குவதற்குள் 70 சண்டைக்கு மேல் போட்டுவிட்டார், லமோட்டா மாதிரி ஆட்களோடு.

என்னைக் கேட்டால் லூயிஸ்தான். 1934 ஜூலை 4இல் அறிமுகம். ஒரு வருஷம் முடிவதற்குள் முன்னாள் சாம்பியன் கார்னேராவை ஆறாவது சுற்றில் வீழ்த்தினார். செப்டம்பரில் மேக்ஸ் பேர், நான்கே சுற்று. பேர் மூன்று மாதம் முன்பு வரை சாம்பியனாக இருந்தவர், மேலே சொன்ன அளவுகோலில் முழு மதிப்பெண். 1936இல் ஷ்மெலிங்கிடம் தோற்றதும் காரணத்தோடுதான்: ஜாப் (முன்கையால் போடும் நேர்க் குத்து) போட்டுத் திரும்பும் இடது கை தாழ்ந்து வந்தது, அந்த இடைவெளியில் ஷ்மெலிங்கின் வலது கை பன்னிரண்டு சுற்றும் இறங்கியது.

கோட்டைமேடு:
லியோன் ஸ்பிங்க்ஸ்? 8வது சண்டையில் அலியையே வென்றாரே!

மூன்றாம்சுற்று:
அதே நான்கு கேள்வியைப் போடுங்க. 1978 பிப்ரவரியில் அலிக்கு 36 வயது, பயிற்சி அரைகுறை. ஸ்பிங்க்ஸ் அதற்குச் சில மாதம் முன்பு ஸ்காட் லெடூவோடு டிரா செய்தவர். 15 சுற்றும் விடாமல் குத்தியது பெரிய விஷயம்தான், குறைக்கவில்லை. செப்டம்பரில் அலி ஒழுங்காகத் தயாராகி வந்தார், பட்டம் திரும்பிப் போய்விட்டது.