பேஸ் கிட்டாருக்கு முதல் ஆம்ப்: 8 அங்குலம் போதுமா?

மூன்று மாதமாக யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 பேஸ் கிட்டார் வாசித்துப் பழகுகிறேன், நான்கு தந்தி. ஆம்ப் (ஸ்பீக்கரோடு வரும் ஒலிபெருக்கி) மட்டும் இன்னும் அமையவில்லை. வீடு சேலம் அம்மாப்பேட்டையில், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். பகலில் தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது, இரவில் பல்லி கத்தினாலும் கேட்கும்.

தம்பியின் 10 வாட் கிட்டார் ஆம்பில் செருகிப் பார்த்தேன். மெல்லிய தந்திகள் பரவாயில்லை. தடித்த 'இ' தந்தியைத் தொட்டால் ஸ்பீக்கர் படபடக்கிறது. அதன் ஒலி 41 ஹெர்ட்ஸ், அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண் என்று படித்தபின் அந்தச் சின்ன ஸ்பீக்கரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒலியைக் குறைத்தால் படபடப்பு நிற்கிறது, கூடவே அடிநாதமும் காணாமல் போகிறது. செல்பேசிச் செயலி வழியாக வாசித்தால் விரலுக்கும் காதுக்கும் இடையே தாமதம், தாளம் கெடுகிறது. செருகிக்கொள்ளும் ஹெட்போன் ஆம்ப் இரவுக்கு நல்லதுதான், ஆனால் தம்பியோடு சேர்ந்து வாசிக்க முடியாது. கடையில் கேட்டால் "எல்லாம் ஒன்றுதான், கிட்டார் ஆம்பே போதும்" என்றார்கள். ஒன்றல்ல என்பதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

பேஸுக்கென்றே உள்ள ஆம்ப்களில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன்: பெண்டர் ரம்பிள் 25 (8 அங்குல ஸ்பீக்கர், 25 வாட்), ரம்பிள் 40 (10 அங்குலம், 40 வாட்) இரண்டிலும் ஹெட்போன் துளை உண்டு. கையில் 15,000 ரூபாய். ரம்பிள் 40 வேண்டுமென்றால் இன்னும் சில மாதம் சேமிக்க வேண்டும். டிரம்ஸ் கிடையாது, மேடை எண்ணமும் இல்லை.

பத்துக்குப் பத்து அறையில் ரம்பிள் 25 வைத்திருப்பவர்களே, குறைந்த ஒலியிலும் 'இ' தந்தி தெளிவாகக் கேட்கிறதா?