மல்டிகோர் கேபிளுக்குத் தமிழ்ச் சொல், வெள்ளிக்குள் வேண்டும்

அனுப்புநர்: கையேட்டுப் பொறுப்பாளர், தருமபுரி

அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மைக்செட் வேலை பார்ப்பவர்களுக்கான சிறு கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு பக்கம் நிற்கிறது. மேடையிலிருந்து மிக்சர் (எல்லா மைக்கின் ஒலியையும் கலக்கும் கருவி) வரை 16, 24 மைக் இணைப்புகளை ஒரே உறைக்குள் கொண்டுபோகும் தடித்த கேபிளை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லும் பக்கம் அது. ஆங்கிலத்தில் இதைப் பாம்பு என்கிறார்கள். இங்கே கடையில் மல்டிகோர்.

ஒவ்வொரு மைக்குக்கும் இரண்டு கம்பிகள், ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்சர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோகும். அந்தச் சோடியைச் சுற்றி உலோகக் கவசம், அதன் மேல் தனி உறை, எல்லாவற்றுக்கும் மேல் பொது உறை. கவசம் அலுமினியத் தாளாக இருந்தால் இடைவெளி இல்லாமல் மூடும், ஆனால் அடிக்கடி சுருட்டி விரித்தால் கிழியும். செம்புப் பின்னல் மடக்குக்குத் தாங்கும். மண்டபத்தில் நிரந்தரமாகப் பதிக்கத் தாள் போதும், ஊர் ஊராக எடுத்துப்போகிறவருக்குப் பின்னல்தான் வேண்டும்.

இவ்வளவும் தமிழில் எழுதிவிட்டேன். பொருளின் பெயர் மட்டும் மல்டிகோர் என்று நிற்கிறது. உதவுங்கள்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், அரூர்

பாம்பு வடம் என்றே வைக்கலாமே. சொல் எளிது, உருவமும் பொருந்துகிறது. இன்னும் செறிவாக வேண்டுமென்றால் அரவு வடம். பாந்தள் என்றும் சங்க இலக்கியத்தில் உண்டு. பெரும்பாம்பு என்பதால் 32 இணைப்புக் கேபிளுக்கு அது இன்னும் பொருத்தம்.

அனுப்புநர்: ஒலி அமைப்பாளர், பென்னாகரம்

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், பாம்பு வேண்டவே வேண்டாம். பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். மேடை பெரும்பாலும் அறுப்பு முடிந்த கொல்லையில். இருட்டில் ஒரு பையனிடம் "பாம்பை இழுத்துப் போடு" என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கம் ராத்திரியில் நிஜப் பாம்பையே பெயர் சொல்லமாட்டார்கள், பூச்சி என்பார்கள். கூட்டம் எழுந்து ஓடிவிடும்.

பெயர் எதுவானாலும் சரி. அந்தப் பக்கத்தில் சில விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன, அவற்றைச் சேருங்கள். இந்தக் கேபிள் நடுவில் அறுவது குறைவு. மைக்குகளைச் செருகும் மேடைப் பெட்டிக்குள் நுழைகிற கழுத்தில்தான் முதலில் போகும். வாங்கும்போது கழுத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் கவ்வி இல்லை என்றால் வாங்கக் கூடாது. அடுத்து, சோடிகளுக்குத் தனித்தனி உறையும் எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு முனை அறுந்ததும் எது எந்த மைக் என்று தேடியே நிகழ்ச்சி முடிந்துவிடும். கவசம் அறுந்தால் இரைச்சல் மட்டும் இல்லை, மிக்சரிலிருந்து சில வகை மைக்குகளுக்குப் போகிற 48 வோல்ட் மின்சாரத்துக்குத் திரும்பும் வழி போய்விடும், அந்த வகை மைக் ஊமையாகிவிடும்.

முழங்கையில் சுற்றுகிற பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். முறுக்கு ஒரே பக்கம் ஏறி உள்ளே கம்பி நெளிகிறது. ஒரு சுற்று மேல், ஒரு சுற்று கீழ் என்று மாற்றிப் போட்டால் கேபிள் பல வருஷம் வரும். ஜெனரேட்டர் லைனோடு ஒட்டி இழுக்கக் கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகப் போக வேண்டும். டிராக்டர் வரும் தடத்தில் மேலே பலகை போட வேண்டும்.

களத்தில் எல்லோரும் மல்டிகோர் என்கிறார்கள். அப்படியே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காவேரிப்பட்டணம்

> அப்படியே விட்டுவிடுங்கள்

தம்பி, களத்துச் சொல்லை நானும் மதிக்கிறேன். ஆனால் கையேட்டில் ஆங்கிலப் பெயரை மட்டும் அச்சிட்டால் அடுத்த தலைமுறைக்கும் அதுவே நிலைத்துவிடும். இசைக்கருவிகள் பல சேர்ந்து ஒலிப்பதைப் பல்லியம் என்றார்கள் நம் முன்னோர். அந்த வழியில் நான் முன்வைப்பது பல்புரி வடம்.

புரி என்றால் முறுக்கு, முறுக்கிய இழை. முப்புரி நூல், வலம்புரிச் சங்கு, வைக்கோற்புரி எல்லாம் இதிலிருந்து வந்தவை. மாட்டுக்குக் கயிறு திரிப்பவர் இன்றும் மூன்று புரிக் கயிறு என்பார். தருமபுரியில் இருக்கும் புரி வேறு, அது வடமொழியில் நகரம். இரண்டையும் குழப்பக் கூடாது.

வடம் வடமொழி என்று யாராவது கிளம்புவார்கள். தேர்வடம், முத்துவடம் என்று நம்மிடம் வேரூன்றிய சொல் அது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியிலும் இடம் பெற்றிருக்கிறது. வள் என்ற வேரிலிருந்து வளை, வட்டம், வடம் என்று வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வளையம், வளைவு, வளாகம் எல்லாம் இந்தக் குடும்பமே. வள்ளியையும் இதில் சேர்க்கலாம், கொடி வளைந்து செல்வது அல்லவா? இதை விரிவாக எழுத ஆசை, வேறொரு மடலில் எழுதுகிறேன்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், அரூர்

பல்புரியில் சாதனத்தின் வேலை தெரியவில்லையே. பல தடங்களில் ஒலி போகிறது என்பதுதானே முக்கியம்? பல்தட வடம் என்றால் என்ன?

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காவேரிப்பட்டணம்

பல் முன் தகரம் வந்தால் பல்தடம் என்று நிற்காது. பல்லும் துளியும் சேர்ந்து பஃறுளி ஆனது போலப் பஃறடம் என்று வரும். பஃறட வடம் என்று அச்சிடச் சம்மதமா?

அனுப்புநர்: ஒலி அமைப்பாளர், பென்னாகரம்

ஐயா, என் கடைப் பையன்களில் ஒருவனும் அதை வாசிக்கமாட்டான்.

அனுப்புநர்: மின்னணுப் பொறியாளர், ஓசூர்

வணக்கம். இரண்டு செய்திகள்.

புரி என்ற சொல்லை எங்கள் ஊரில் விளக்கவே வேண்டாம். தெலுங்கிலும் முறுக்குக்குப் புரிதான். கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ஹுரி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மைக்செட் வேலைக்கு வருபவர்களில் பாதிப்பேர் வீட்டில் இந்த இரண்டில் ஒன்றைப் பேசுகிறவர்கள். அவர்கள் காதுக்கும் இது அந்நியமாக இருக்காது.

இரண்டாவது, இப்போது டிஜிட்டல் வந்துவிட்டது. ஒரே ஒரு நெட்வொர்க் கேபிளில் 32 இணைப்புகளையும் அனுப்பலாம். ஈதர்நெட் முறையில் 100 மீட்டர் வரை போகும். அப்போது பல கம்பி என்ற பெயர் பொருந்துமா என்று கேட்பீர்கள். பொருந்தும். அதற்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கிய சோடிகள். அதுவும் பல்புரிதான்.

ஆனால் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கம்பி ஒவ்வொன்றும் மெல்லிய பல செம்பு இழைகளால் ஆனது. ஒற்றைக் கம்பியாக இருந்தால் மடக்கும்போது ஒடிந்துவிடும், அதனால் அப்படி வாங்கக் கூடாது. இந்த இழைகளைப் பல்புரி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கயிறு திரிப்பவர் வைத்திருக்கும் வரிசையையே எடுத்துக்கொள்ளலாம். இழை சேர்ந்து புரி, புரி சேர்ந்து வடம். செம்பு நூல் இழை, முறுக்கிய சோடி புரி, முழுக் கேபிள் வடம். மூன்றையும் கையேட்டில் இதே பொருளில் வைத்தால் வாங்குபவர் கடையில் மூன்று கேள்வி கேட்கலாம்: ஒவ்வொரு கம்பியிலும் பல இழையா, புரிக்குத் தனி உறையா, வடத்தின் வெளியுறை குளிர்காலத்தில் விறைக்காத ரகமா?

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காவேரிப்பட்டணம்

அம்மா, மிக மகிழ்ச்சி. ஹுரி எனக்குப் புதுச் செய்தி. பகர ஹகர மாற்றத்துக்குப் பால் ஹாலு ஆனதும், புலி ஹுலி ஆனதும் சான்று. கவசத்துக்கும் ஒரு சொல்: அலுமினியத் தாள் என்பதை அலுமினியத் தகடு என்று மாற்றலாம். அதியமானின் தகடூர் நம்முடையது, அந்தச் சொல் நம் கையேட்டில் இருக்கட்டும்.

அனுப்புநர்: ஒலி அமைப்பாளர், பென்னாகரம்

தகடு என்றால் கூரைக்குப் போடுகிற தகரத்தைத்தான் நினைப்பார்கள் ஐயா. தாள் இருக்கட்டும்.

பல்புரி வடம் பரவாயில்லை, வாயில் நுழைகிறது. ஆனால் உள்ளே மல்டிகோர் என்ற சொல் வர வேண்டும். கடையில் அதைச் சொல்லித்தான் கேட்க முடியும்.

அனுப்புநர்: கையேட்டுப் பொறுப்பாளர், தருமபுரி

அனைவருக்கும் நன்றி. நாளை காலை கோப்பு அச்சகத்துக்குப் போகிறது. தலைப்பில் பல்புரி வடம். முதல் வரியில், கடையில் மல்டிகோர் என்று கேட்க வேண்டும் என்ற குறிப்பு. இழை, புரி, வடம் மூன்றுக்கும் ஒரு படம். தகடு இல்லை, தாள்தான். பென்னாகரத்து அண்ணா சொன்ன கழுத்து, கவ்வி, சுருட்டும் முறை எல்லாம் சேர்த்துவிட்டேன், பக்கம் ஒன்றரை ஆகிவிட்டது. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் இதற்கு உடன்படுகிறார்கள்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், அரூர்

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பல்புரி வடத்தில் ஒலியும் இல்லை, மேடையும் இல்லை. போர்வெல் மோட்டாருக்கு இறக்கும் கேபிளிலும் கம்பி மூன்று. சோடி முறுக்கு அதில் கிடையாது என்று நமக்குத் தெரியும், பெயரை மட்டும் கேட்கும் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? பாம்பை நான் விட்டுவிட்டேன், பென்னாகரத்தார் சொன்னது சரி. ஆனால் மேடைவடம் என்று வைத்திருந்தால் எங்கே போடுவது என்று பெயரே காட்டியிருக்கும். பழைய கேபிளோ டிஜிட்டலோ இரண்டுக்கும் அது நிற்கும். அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடி எழுப்புவேன்.