ஜீப் கிரவுனுக்கு 90 ஆயிலா, 140 ஆயிலா? பின்பக்கம் ஊளைச் சத்தம்

ரப்பர்க்காடு, குலசேகரம்:
வணக்கம். அப்பா ஓட்டிய பழைய டீசல் ஜீப்பில்தான் இன்றும் ரப்பர் ஷீட் ஏற்றுகிறேன். பேச்சிப்பாறை தாண்டி மேட்டு வழி. இரண்டு வாரமாக 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே பின்பக்கம் ஊளையிடுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் குறைகிறது. போன மாதம் ஒரு வொர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் (பின் ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) ஒரே கேனிலிருந்து ஆயில் ஊற்றினார்கள். கேனில் 80டபிள்யூ-90, ஜிஎல்-4 என்று இருந்தது. "140 ஊற்று, சத்தம் அடங்கும்" என்கிறார் தெரிந்த டிரைவர் ஒருவர். எதை வாங்கலாம்? அப்பா வண்டி, கிரவுன் போய்விடக் கூடாது.

மார்த்தாண்டம் மெக்கானிக்:
தம்பி, முதலில் ஜிஎல் எண்ணைப் பாருங்கள், ஆயில் அழுத்தத்தைத் தாங்கும் தரம் அது. 90, 140 என்பது கெட்டித்தன்மை, அதெல்லாம் அப்புறம்.

கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனும் ஹைபாய்டு வகை. பினியன் கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். அதனால் பற்கள் உருளும்போதே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். சுமையோடு மேடு ஏறினால் அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் அறுந்துவிடும். அப்போது இரும்பும் இரும்பும் கடித்துக்கொள்ளாமல் காப்பது ஆயிலில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம்தான். ஜிஎல்-4-ல் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஜிஎல்-5-ல் உண்டு. கிரவுனுக்கு ஜிஎல்-5 தவிர வேறு ஊற்றாதீர்கள்.

கியர்பாக்ஸில் கதை வேறு. அங்கே கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கும், ஜிஎல்-5-ன் கூடுதல் சேர்மானம் அவற்றுக்கு ஒத்துவராமல் போகலாம். வண்டியின் கையேடு ஜிஎல்-4 கேட்டால் அதையே ஊற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே கேன் என்பது எனக்கு மனசு ஒப்பாத வேலை.

பழைய ஜீப், நாகர்கோவில்:
அண்ணன் சொன்னது சரி. 140 பற்றி ஒரு வார்த்தை. 100 டிகிரி சூட்டில் 90 ஆயிலின் பிசுபிசுப்பு 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை. 140 ஆயிலுக்கு அது 24-க்கு மேல். கடும் வெயில், பெரும் சுமைக்கு 85டபிள்யூ-140 போடலாம் என்று கையேட்டில் இருந்தால் போடலாம். சத்தத்தை அமுக்க மட்டும் போட்டால் காது ஏமாறும், தேய்மானம் நிற்காது. 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் கடுங்குளிருக்கானது, நம் மாவட்டத்தில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மழையில் சப்பாத்து (தரைப்பாலம்) எதுவும் கடந்தீர்களா?

ரப்பர்க்காடு:
ஆமாம் அண்ணே, மோதிரமலைப் பக்கம். ஆக்சில் முங்கும் அளவுக்குத் தண்ணீர். இப்போது ஆயில் ஊற்றும் துளையின் மூடியான ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தேன், ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கிறது.

மார்த்தாண்டம் மெக்கானிக்:
தண்ணீர் இறங்கிவிட்டது தம்பி. ஓடிச் சூடேறிய ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் (ஆக்சிலின் காற்றுத் துளை) வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இந்த நிலையில் எந்த உயர்ந்த ஆயிலும் நிற்காது.

கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடியுங்கள். எப்போதும் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கைக் கழற்றிய பிறகே கீழ்ப் பிளக்கில் கை வையுங்கள். மேல் பிளக் இறுகிக் கிடந்தால், வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டிவரும். 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஊற்றிச் சுமையில்லாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஃபில்லர் துளையின் உதடு வரை. வடித்த ஆயிலில் மை போல் இரும்புத் தூள் இருந்தால் பயமில்லை. சில்லு வந்தால் ஹவுசிங்கைத் திறந்தே ஆக வேண்டும். பிரீதரில் ஒரு ஹோஸ் மாட்டி பாடிக்கு உயரமாகக் கட்டிவிடுங்கள்.

ரப்பர்க்காடு:
செய்துவிட்டேன். பிரீதர் சேற்றால் அடைத்திருந்தது, ஹோஸும் மாட்டியாயிற்று. ஆயிலில் சில்லு இல்லை. சத்தம் நன்றாகக் குறைந்தது, ஆனால் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மெலிதாக இன்னும் கேட்கிறது.

மார்த்தாண்டம் மெக்கானிக்:
அப்படியென்றால் இப்போதே சுமை ஏற்ற வேண்டாம். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, பினியன் முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சுற்றுவாக்கில் லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும். மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால் பினியன் பேரிங் மாற்ற வேண்டியதுதான். இன்றே பாருங்கள் தம்பி, பேரிங்கோடு போகட்டும், கிரவுன் பல்லுக்குப் போக விடாதீர்கள்.