பாலன்ஸ்ட் ராக்: அது படிக்கட்டா, பாறையா?

குறிஞ்சி_நேப்பர்வில்

போன மாதம் இந்தக் குழுவில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலச் சுற்றுலா பற்றிக் கேட்டிருந்தேன். அதற்கு வெள்ளியங்கிரியான் எழுதிய பதில் இது, ஓர் எழுத்துகூட மாற்றவில்லை: "டெவில்ஸ் லேக் போனால் பாலன்ஸ்ட் ராக் பாதையை விட்டுவிடாதீர்கள். அரை மைல்கூடக் கிடையாது. எல்லாம் படிக்கட்டுதான். பாட்டிகூட ஏறலாம்."

டெவில்ஸ் லேக் அங்கே ஏரியும் மலையுமான ஒரு பூங்கா. பாலன்ஸ்ட் ராக் அந்த மலைமேல் விழாமல் நிற்கிற ஒற்றைப் பாறை. நம்பிப் போனோம். அத்தைக்கு 67 வயது. ஊரில் தினமும் தெப்பக்குளத்தை நாலு சுற்று நடக்கிறவர். தென்கரையில் வண்டியை விட்டு, தண்டவாளத்தைக் கடந்து, பாதையில் ஏற ஆரம்பித்தோம். படிக்கட்டு என்றால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் கொஞ்சமாவது பொருத்தம் இருக்க வேண்டாமா? ஒரு கல் சாண் உயரம், அடுத்தது என் முழங்கால் உயரம், அதற்கடுத்தது ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. முந்தின ராத்திரி தூறியதில் கல்லெல்லாம் சோப்பு தேய்த்த மாதிரி வழுக்கியது.

பாதி தூரத்தில் அத்தை உட்கார்ந்துவிட்டார். இறங்குவதுதான் இன்னும் கொடுமை. ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து, நகர்ந்து, காலைத் தொங்கவிட்டு, மறுபடி உட்கார்ந்து. அரை மைலுக்கும் குறைவான பாதைக்கு ஒன்றரை மணி நேரம். மேலே கழுகு வேறு வட்டமடித்தது. "எனக்காகத்தான் காத்திருக்கு" என்றார். இப்போது ஊரில் எல்லோருக்கும் போன் போட்டு "மருமகள் என்னை மலையில் விட்டுட்டு வரப் பார்த்தா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அது படிக்கட்டு இல்லை, பாறை. எழுதியவர் திருத்திக்கொள்ள வேண்டும்.

வெள்ளியங்கிரியான்

வணக்கம் சகோதரி. அத்தையின் முட்டிக்கு என் அனுதாபங்கள். ஆனால் அது படிக்கட்டுதான்.

நான் மேடிசனில் 14 வருடமாக இருக்கிறேன். அந்த ஏரிக்கு 23 தடவை போயிருக்கிறேன். என் அம்மா 71 வயதில், ரப்பர் செருப்போடு, அதே பாதையில் மேலே போய் அந்தப் பாறை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். 1934 முதல் 1941 வரை சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்ற அரசு வேலைத் திட்டத்து இளைஞர்கள், சுமார் 200 பேர், அங்கேயே முகாம் போட்டுத் தங்கிப் பாதைகளும் கட்டடங்களும் போட்டார்கள். மனுஷன் கல்லைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அதற்குப் பெயர் படி. தானாக உருண்டு வந்து கிடந்தால் பாறை. ஒன்றாம் வகுப்புப் பாடம்.

மழை பெய்த மறுநாள் மலை ஏறச் சொல்லி நான் எழுதவில்லை.

குறிஞ்சி_நேப்பர்வில்

மழை பெய்தால் ஏறாதே என்றும் எழுதவில்லையே. பூங்கா வரைபடத்திலேயே அதைக் கடினமான பாதை என்றுதான் போட்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதியது "பாட்டிகூட". பாறை.

தாராபுரத்தான்

71 வயசு, ரப்பர் செருப்பு. அடுத்த தடவை சொல்லும்போது அம்மாவுக்கு 75 வயசு, வெறுங்கால், தலையில் தண்ணிக்குடம்.

வெள்ளியங்கிரியான்

தம்பி, பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கே வராதே. போட்டோ இருக்கிறது. போடுவேன்.

உப்புக்கல்

படியா பாறையா என்பது இருக்கட்டும். வெள்ளியங்கிரியான் அதே பதிலில் இன்னும் இரண்டு முத்து உதிர்த்திருந்தார்: "கிரானைட் மலை", "எரிமலை வாயில் தேங்கிய ஏரி". இரண்டும் தப்பு.

அது குவார்ட்சைட். ஏறத்தாழ 170 கோடி ஆண்டுக்கு முன்னால் மணலாகக் கிடந்தது இறுகி, வெந்து, இப்படி ஆகியிருக்கிறது. நின்று பார்த்தால் சில பாறை முகங்களில் பழைய நீரலை வரிவரியாகப் பதிந்திருப்பது இன்றும் தெரியும். ஏரிக்கும் எரிமலைக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு பக்கமும் 500 அடிக்குச் செங்குத்துச் சரிவு, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. கடைசிப் பனியூழியில் பனியாறு வந்து பள்ளத்தாக்கின் இரண்டு முனையிலும் மண்ணையும் கல்லையும் கொட்டி அடைத்துவிட்டுப் போனது. கரண்டியால் பாத்திக்கு இரண்டு பக்கமும் வரப்பு போட்ட மாதிரி. நடுவில் தேங்கியதுதான் இந்த 360 ஏக்கர் ஏரி. அதனால்தான் அதிலிருந்து வெளியே ஓடும் ஓடை ஒன்றுகூடக் கிடையாது.

குவார்ட்சைட் நனைந்தால் வழுக்கும். குறிஞ்சி சொன்னது இதைத்தான்.

வெள்ளியங்கிரியான்

உப்புக்கல் ஐயா, கூகுளில் தேடி எழுத எனக்கும் தெரியும். கிரானைட்டோ குவார்ட்சைட்டோ, அதைப் படியாக அடுக்கியிருக்கிறார்களா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள். நான் கோவைக்காரன். வெள்ளியங்கிரி ஏழு மலையும் கல்லூரிக் காலத்தில் நான்கு முறை ஏறியவன். அங்கே இருப்பதற்குப் பெயர் என்ன? படி. அதைவிட இது நூறு மடங்கு ஒழுங்கு.

குறிஞ்சி_நேப்பர்வில்

என் அத்தை வெள்ளியங்கிரி ஏறுவதாக விசா நேர்முகத்தில் சொல்லவில்லை.

செண்பகம்_மில்வாக்கி

ஆளாளுக்குச் சண்டை போடுவதை விட்டுவிட்டு உருப்படியாக ஏதாவது சொல்லுங்களேன். வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் மேற்குக் கரையில் டம்பிள்ட் ராக்ஸ் பாதையில் நடக்கலாம். ஒரு மைல், ஏற்றம் அவ்வளவாக இல்லை. மேலிருந்து சரிந்து விழுந்த வீடு மாதிரிக் கற்களுக்கு நடுவே, தண்ணீர் ஓரமாகவே போகும். நாங்கள் எப்போதும் மாமனாரை அங்கேதான் கூட்டிப்போவோம். இன்னொன்று: கோடை வார இறுதி என்றால் விடிந்ததும் போய்விடுங்கள். ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் வருகிற இடம். கூடாரம் போட வேண்டுமென்றால் 11 மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். குவார்ட்சைட், நார்தர்ன் லைட்ஸ், ஐஸ் ஏஜ் என்று மூன்று முகாம் திடல் இருந்தும் கோடையில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

தாராபுரத்தான்

அக்கா, விறகு கொண்டு போகலாமா? போன தடவை சிகாகோவிலிருந்து டிக்கி நிறையக் கொண்டு போனோம்.

உப்புக்கல்

டிக்கி நிறையவா! அங்கேயே 10 மைலுக்குள் வாங்கிய விறகு, இல்லையென்றால் சான்று முத்திரை போட்ட விறகு, இரண்டைத் தவிர வேறு எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்லும் பச்சை வண்டு விறகுக்கட்டில் ஏறித்தான் ஊர் ஊராகப் பரவுகிறது. உங்களைப் போன்ற இல்லினாய் ஆட்களால்தான்.

தாராபுரத்தான்

அதென்ன இல்லினாய் ஆட்கள்? வெளிமாநில வண்டி என்று நுழைவுக்கே கூடுதலாகக் கட்டிவிட்டுத்தான் வருகிறோம். ஓசியில் ஒன்றும் வரவில்லை.

வெள்ளியங்கிரியான்

பார்த்தீர்களா, குறிஞ்சியும் இல்லினாய்தான். தட்டையான ஊர். அங்கே மேம்பாலம்தான் மலை. படியைப் பார்த்தால் பாறையாகத்தான் தெரியும்.

குறிஞ்சி_நேப்பர்வில்

ஊரை இழுக்காதீர்கள். நான் பிறந்தது போடியில். மேற்குத் தொடர்ச்சி மலை எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம். பாறை எது என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.

போன கோடையில் இதே பூங்காவில் நீங்கள் நடத்திய "தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடல்" நினைவிருக்கிறதா? தென்கரையில் பறவை வடிவத்தில் ஒரு பழைய மண்மேடு இருக்கிறது. பூர்வகுடிகள் ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன்னால் எழுப்பியது. பக்கத்திலேயே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். "நல்ல மேடான இடம், ஈரம் தங்காது" என்று சொல்லி அதன் இறக்கைமேல் ஜமுக்காளத்தை விரித்துப் புளியோதரைப் பாத்திரத்தை வைத்தது யார்? சிப்பந்தி வந்து எழுப்பியபோது முதல் ஆளாக நகர்ந்து நின்றது யார்? அப்படிப்பட்டவர் இப்போது எங்களுக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம் எடுக்கிறார்.

செண்பகம்_மில்வாக்கி

ஐயோ, அந்தப் புளியோதரை நான் கிண்டியது. அதை ஏன் இழுக்கிறீர்கள்.

உப்புக்கல்

அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்கள் அந்த ஏரியைப் புனித ஏரி என்றுதான் சொல்கிறார்கள். அதைப் "பிசாசு ஏரி" ஆக்கியது வெள்ளைக்காரர்கள். நம் ஆட்கள் அந்த மண்மேட்டின்மேல் அப்பளம் பொரிக்காமல் விட்டார்களே.

வெள்ளியங்கிரியான்

தனிப்பட்ட தாக்குதல் தொடங்கிவிட்டது. எதிர்பார்த்ததுதான். விஷயம் இல்லாதவர்கள் கடைசியில் புளியோதரைக்குத்தான் வருவார்கள்.

ஜமுக்காளத்தை விரித்தது நான் இல்லை. இடம் மட்டும்தான் காட்டினேன். பலகை நாங்கள் உட்கார்ந்த பக்கம் இல்லை, மறுபக்கம். 40 பேருக்குச் சாப்பாடு, வண்டி நிறுத்த இடம், குழந்தைகளுக்குப் படகு வாடகை, எல்லாம் ஒற்றை ஆளாக ஏற்பாடு செய்தேன். ஒருவர் நன்றி சொல்லவில்லை. குறிஞ்சி குடும்பத்தில் நாலு பேர் வந்தார்கள், இரண்டு பேருக்குத்தான் பணம் கொடுத்தார்கள். இதை நான் வெளியே சொல்லாமல்தான் வைத்திருந்தேன்.

திரும்பவும் சொல்கிறேன். 1. கல்லை அடுக்கியது மனிதர்கள். 2. என் அம்மா ஏறினார். 3. ஆகவே படி.

குறிஞ்சி_நேப்பர்வில்

என் குழந்தைகளுக்கு அப்போது மூன்று வயதும் ஒரு வயதும். ஒரு வயதுக் குழந்தை தின்ற புளியோதரைக்குக் கணக்கு கேட்கிறார், பாருங்கள் மக்களே. பணத்தை இன்றைக்கே அனுப்புகிறேன். அது பாறை.

தாராபுரத்தான்

அண்ணா, அம்மா போட்டோ?

வெள்ளியங்கிரியான்

பழைய போனில் இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.

செண்பகம்_மில்வாக்கி

அந்தப் போட்டோ எனக்கு நினைவிருக்கிறது, ஒன்றுகூடல் குழுவில் போட்டிருந்தீர்கள். ஆன்ட்டி நின்றது டம்பிள்ட் ராக்ஸ் பாதை மாதிரி அல்லவா இருந்தது? பின்னால் தண்ணீர் ரொம்பப் பக்கத்தில் தெரிந்ததே. சும்மா கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளியங்கிரியான்

அது வேறு போட்டோ. அது 2017-இல் எடுத்தது. நான் சொல்வது 2019. மேலிருந்து பார்த்தாலும் தண்ணீர் பக்கத்தில்தான் தெரியும், அங்கே போயிருந்தால் தெரிந்திருக்கும். போகும்போது எண்ணிக்கொண்டே போவோம், 200-க்கு மேல் படி வரும். பாறையை யாராவது எண்ணுவார்களா?

உப்புக்கல்

எண்ணலாம். நான் எண்ணுவேன்.

புதியவன்_22

எல்லோருக்கும் வணக்கம், குழுவுக்குப் புதுசு. வருகிற சனிக்கிழமை அப்பா அம்மாவோடு அங்கே போகிறோம். அப்பாவுக்கு லேசாக முட்டிவலி. மேலே போக வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

வெள்ளியங்கிரியான்

வாங்க தம்பி. தாராளமாகப் பாலன்ஸ்ட் ராக் போங்கள். படிக்கட்டுதான்.

குறிஞ்சி_நேப்பர்வில்

தம்பி, என் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். போவதற்கு முன்னால் அத்தையிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.